நெகட்டிவ் இல்லாத ஊர்கள்

கம்மாபுரம் பக்கத்தில் ஒரு பழைய புகைப்படத்துக்குத் தனிக் கனம் உண்டு. படத்தில் தெரியும் வீடும் வேப்பமரமும் கோயில் திடலும் இருந்த இடத்தில் இன்று சுரங்கப் பள்ளம் இருக்கலாம். 1961இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது முதல், சுரங்கம் நகர நகர ஊர்களும் இடம்பெயர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கம் கம்மாபுரம் வட்டாரத்து வயல்களை இன்றும் நெருக்கிக்கொண்டிருக்கிறது. பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியதை எடைபோடப் பொருத்தமான இடம் இது. படம் எவ்வளவு துல்லியமாக விழுகிறது என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். முப்பது வருஷம் கழித்து அந்தப் படம் யார் கையில் இருக்கும்? இந்த மண்ணில் அதுதான் முக்கியம்.

பிலிம் காலத்தை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் அதன் அநியாயத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு ரோலுக்கு 36 படம். ரோலுக்கு ஒரு காசு, கழுவுவதற்கு ஒரு காசு, பிரிண்ட் போடுவதற்கு ஒரு காசு. நிலம் உள்ளவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று ஆல்பம் இருந்தது. நடவுக்குப் போன பெண்ணுக்குக் குடும்ப அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. எத்தனையோ பேர், செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த ஒரே படத்தில்தான் பிள்ளைகளின் நினைவில் நிற்கிறார்கள். வயலையும் கிணற்றையும் தெருவையும் படம் எடுக்க யாரும் ரோலைச் செலவழிக்கவில்லை. இந்த ஊர்களின் பழைய முகம் நமக்குக் கிடைக்காமல் போனதற்கு முதல் காரணம் பிலிமின் விலைதான்.

இன்னொரு குறை நிறத்தில் இருந்தது. கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷர்லி' அட்டைகளில் பல ஆண்டுகளுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. கலர் பிலிமின் நிறச் சமநிலை அந்தத் தோலுக்கு ஏற்பத்தான் சரிபார்க்கப்பட்டது. வெயிலில் கறுத்த நம் முகங்கள் அதில் விவரம் இழந்து இருண்டன. ஸ்டுடியோக்காரர் டச்சிங் செய்து வெளுப்பாக்கினார். டிஜிட்டல் வந்ததும் இது ஒழியும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் பல செல்போன்களில் அழகாக்கும் வசதி, கேட்காமலே முகத்தை வெளுக்கவைக்கிறது. கருவி மாறியும் இந்த நோய் தீரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆனாலும் டிஜிட்டல் தந்த பெரிய விடுதலையை மறுக்க முடியாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெல் வயலில், சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சி அன்றே தமிழ்நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. பிலிம் காலமாக இருந்தால், பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்து, எடுத்து, கழுவி, ஆசிரியர் தேர்ந்தெடுத்து, மறுநாள் ஒரே ஒரு படம் வந்திருக்கும். தன் வயலைத் தானே படம் பிடித்துக் காட்ட ஓர் உழவரால் முடிந்தது என்பது இந்த மாற்றத்தின் தலையாய நன்மை. இந்த ஒன்றுக்காகவே நான் டிஜிட்டலின் பக்கம் நிற்பேன்.

எடுப்பதில் வென்றோம். காப்பதில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம். பழைய ஸ்டுடியோவில் ஒரு நடைமுறை இருந்தது. நெகட்டிவை வெட்டிக் கவரில் போட்டு, எண் எழுதி, நோட்டில் பெயரும் தேதியும் பதிந்து வைப்பார்கள். பத்து வருஷம் கழித்து அப்பா படம் வேண்டும் என்று போனாலும் தேடி எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். வீட்டில் ஆல்பத்தைக் கரையான் தின்றாலும் கடைத்தெருவில் மூலம் பத்திரமாக இருந்தது. கேட்டுச் செய்த ஏற்பாடு இல்லை. தொழிலோடு சேர்ந்தே வந்த காப்பு. இன்று கல்யாணம் எடுப்பவர் கரிஷ்மா ஆல்பத்தையும் பென்டிரைவையும் கொடுத்ததும், கொஞ்ச நாளில் ஹார்டு டிஸ்கில் இடம் போதாமல் அழித்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. வைத்திருப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை.

மிச்சம் இருப்பதும் உருக்குலைகிறது. 4000க்கு 3000 புள்ளிகள் கொண்ட படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால், நீளவாக்கில் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கும். விவரத்தில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். எடுத்த தேதியும் இடமும் சொல்லும் குறிப்புகளும் உதிர்ந்துவிடும். நிலம் போன குடும்பத்துக்கு இது சாதாரண நட்டம் இல்லை. அன்று வழக்கு என்றால் படத்தோடு நெகட்டிவைக் கேட்டார்கள். இன்று, எடுத்த கருவியையே முன்வைக்க முடியாவிட்டால், சான்றிதழ் வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் கீழ் அது கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் அதைக் கேட்கிறது. கை மாறிக் கை மாறி வந்த படத்துக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? இடித்த வீட்டுக்கும் வெட்டிய தென்னைக்கும் சாட்சி தேடும்போதுதான் மூலக் கோப்பின் அருமை தெரியும்.

டிஜிட்டல்தான் பிலிமைக் கொன்றது என்பதும் முழு உண்மை இல்லை. 1960இல் ஊட்டியில் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தந்தது. டிஜிட்டல் கேமரா நம் கடைகளுக்கு வருமுன்பே, 1990களின் நடுவில், அது கடனில் மூழ்கி நலிந்துவிட்டது. பிலிமும் சாகாவரம் பெற்றதல்ல. கடலூர் மாவட்டத்து ஈரத்தில் நெகட்டிவில் பூஞ்சை பூக்கும். கலர் பிரிண்ட் சிவந்து வெளிறும். 2011 டிசம்பரில் தானே புயல் கூரைகளைப் பிய்த்தபோது டிரங்குப் பெட்டி ஆல்பங்கள் நனைந்தன. ஸ்டுடியோ மூடியபின் கறுப்பு வெள்ளை நெகட்டிவை வெள்ளிக்காக எடைக்குப் போட்ட கொடுமையும் நடந்திருக்கிறது.

மீட்பு முடியாத காரியம் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. அழிவிலிருந்து பிலிமைக் காப்பாற்ற டிஜிட்டலே கைகொடுத்தது. நடுநாட்டுச் சொல்லகராதி தொகுத்து இந்தச் செம்மண்ணின் சொற்களை எழுத்தாளர் கண்மணி குணசேகரன் காத்தார். முகங்களுக்கும் வீடுகளுக்கும் அப்படி ஒரு காப்பு இன்னும் வரவில்லை.

விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, நெய்வேலி, கம்மாபுரம் ஸ்டுடியோக்காரர்களே, பரணில் கிடக்கும் நெகட்டிவ் கவர்களை எடைக்குப் போடாதீர்கள். ஊரைவிட்டுப் போகவேண்டிய நிலையில் இருப்பவர்களே, வீட்டின் நான்கு பக்கத்தையும், கிணற்றையும், மரங்களையும், தெருவையும் இப்போதே எடுங்கள். மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். முக்கியமான பத்துப் படங்களையாவது பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பேர், ஊர், தேதி எழுதுங்கள். அழியாத மையில் எழுதுங்கள்.