"அறை வெப்பநிலை" என்றால் எந்த அறை?

ஃப்ளோ பேட்டரி ஆய்வுக் கட்டுரைகளில் என்னை எரிச்சல்படுத்தும் ஒரு சொல் "அறை வெப்பநிலை". யாருடைய அறை? சித்திரை மதியத்தில் போடிநாயக்கனூர் ஓட்டுவீடும் அறைதான். அங்கிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் மேலே, ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, மார்கழி விடியலில் போடிமெட்டில் இருப்பதும் அறைதான். உயரத்தால் மட்டுமே ஏறக்குறைய 6 டிகிரி குறையும்.

வனேடியம் பேட்டரிக்கு இது சின்ன விஷயம் இல்லைங்க. 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழு உருவாக்கியது இது. கந்தக அமிலத்தில் கரைந்த வனேடியம், இரண்டு தொட்டி, இரண்டு பம்ப், நடுவில் ஒரு சவ்வு. வழக்கமான கரைசலுக்கு 10 முதல் 40 டிகிரி வரைதான் பத்திரம். சூடு கூடினால் நேர்மின் பக்கம் வனேடியம் பென்டாக்சைடு படிந்து வழியை அடைக்கும். குளிர்ந்தால் எதிர்மின் பக்கம் உப்பு படியும்.

அந்த எல்லைக்குள்ளேயும் எண்கள் ஆடும். சூடு ஏறினால் சவ்வின் கடத்தல் கூடி, வோல்டேஜ் திறன் உயரும். வனேடியம் சவ்வைத் தாண்டிக் கசிவதும் கூடி, கூலும்பிக் திறன் இறங்கும். பழைய சவ்வை டிசம்பரிலும் புதியதை மே மாதத்திலும் சோதித்துவிட்டு "எங்கள் சவ்வு 2 சதவீதம் மேல்" என்றால், வென்றது சவ்வா, வெயிலா?

வாட்டர் பாத் வைத்தால் மட்டும் போதாது. சின்ன செல்லுக்குப் பம்ப் மெதுவாகத்தான் தள்ளும்; மெல்லிய குழாயில் வரும்போதே கரைசல் அறையின் சூட்டை நோக்கி நகர்ந்துவிடும். செல்லின் வாசலில் அளக்கணும். ஏலக்காய் உலர்த்துகிறவர்களுக்கு இது தெரியும்: அடுப்பின் சூடு வேறு, தட்டில் காயின் சூடு வேறு. அளவு மீறினால் பச்சை போய்விடும்.

"40 டிகிரியில் 100 சுழற்சி ஓடியது" என்பதிலும் ஓட்டை உண்டு. சிறிய செல்லின் சுழற்சியில் முழு சார்ஜ் நிலை கொஞ்ச நேரம்தான். படிவோ மெல்ல உருவாகும். மின்வெட்டுக்காகக் காத்திருக்கும் பேட்டரி முழு சார்ஜில் நாள்கணக்கில் நிற்கும். சோதனையும் அப்படி நிற்கணும். இல்லையென்றால் போடியில் அதைக் குளிர்விக்க ஆகும் மின்சாரம் யார் கணக்கிலும் வராது.

எங்கே அளந்தார்கள், எத்தனை டிகிரி ஏறி இறங்கியது, முழு சார்ஜில் எவ்வளவு நேரம் வைத்தார்கள்? இந்த மூன்றும் இல்லாத கட்டுரையின் திறன் எண்ணை இன்னொன்றோடு நான் ஒப்பிடுவதில்லை. நீங்களும் ஒப்பிடாதீங்க.