‘ஏ’ பிரிவில் ஓர் அத்திப்பட்டு

தமிழ்நாடு அரசு 2021 பிப்ரவரியில் வெளியிட்ட தொழிற்கொள்கை, முதலீட்டுச் சலுகைகளைப் பங்கிடுவதற்காக மாவட்டங்களை மூன்று பிரிவாக்கியது. வளர்ந்த மாவட்டங்கள் ‘ஏ’. அங்கே சலுகை குறைவு. பின்தங்கியவை ‘சி’, அங்கே கை தாராளம். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய நான்கும் ‘ஏ’. தலைநகரைச் சுற்றியே எல்லாம் குவிகிறது என்ற பழைய புகாருக்கு இது நியாயமான பதில்தான். இடறுவது ஓரிடத்தில். அத்திப்பட்டு இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் என்ன தகுதியோ அதே தகுதி, வடசென்னை அனல் மின் நிலையத்தின் மதிலோரம் வாழும் இந்த ஊருக்கும்.

மெகாவாட்டை எண்ணினால் அத்திப்பட்டு வளர்ந்த ஊர்தான், சந்தேகமே இல்லை. 1990களின் நடுவில் ஓடத் தொடங்கிய முதல் நிலை 630 மெகாவாட். இரண்டாம் நிலை 1,200. 2024 மார்ச்சில் திறந்து வைத்த மூன்றாம் நிலை 800. பக்கத்து வல்லூரில் மத்திய, மாநில மின் நிறுவனங்களின் கூட்டு நிலையம் இன்னொரு 1,500. இவற்றுக்கு நிலக்கரி இறக்கவென்றே எண்ணூரில் ஒரு துறைமுகம் 2001இல் வந்தது. இன்று அது காமராசர் துறைமுகம். கொஞ்சம் கிழக்கே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் இயங்கத் தொடங்கியது. ஒரு பெருநகருக்கு வேண்டிய மின்சாரமும் தண்ணீரும் சரக்கும் இந்தச் சில மைல்களுக்குள் உற்பத்தியாகவோ இறங்கவோ செய்கின்றன. ஊருக்கு மிஞ்சுவது செப்பாக்கத்துச் சாம்பல் குளமும், குழாய் உடையும்போதெல்லாம் கொசஸ்தலை ஆற்றில் படியும் சாம்பல் சேறும், இறால் குறைந்துபோன கழிமுகமும். பசுமைத் தீர்ப்பாயத்தில் இதற்கென்று நடந்த வழக்குகள் ஒன்றிரண்டல்ல. மாவட்டச் சராசரி என்ற கணக்கில் இது எதுவும் ஏறாது. ஏறுவது மெகாவாட் மட்டுமே.

சலுகை என்பதே கம்பெனிகளுக்கு அள்ளிக் கொடுப்பது என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அது முழு உண்மையும் அல்ல. 2000ஆம் ஆண்டு தரமணியில் டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து டைடல் பூங்காவைத் திறந்தபோது, அரசு கொடுத்தது ரொக்கம் அல்ல, கட்டடம். தடையில்லா மின்சாரமும் இணைய இணைப்பும் உள்ள இடத்தை வாடகைக்குவிட்டது. பிறகு பழைய மாமல்லபுரம் சாலையை (ஓஎம்ஆர்) ஆறு வழியாக்கியது, சிறுசேரியில் சிப்காட் பூங்காவை எழுப்பியது. மென்பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசின் வருமான வரி விடுமுறை 2011 மார்ச்சோடு முடிந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு உரிய வரி விலக்கும் பிற்பாடு புதியவர்களுக்குக் கிடைக்காமல் போனது. ஆனாலும் ஓஎம்ஆர் காலியாகவில்லை. வரி விடுமுறை தீர்ந்த பிறகும் கம்பெனிகளைப் பிடித்து வைத்தவை கட்டடமும் சாலையும் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வந்துகொண்டே இருந்த பிள்ளைகளும்.

எதிர்ப் பக்கத்தில் நோக்கியா. திருப்பெரும்புதூருக்கு அது வந்தது வரித் திரும்பளிப்பு உள்ளிட்ட ஏகப்பட்ட சலுகைகளோடு; 2006இல் உற்பத்தி தொடங்கியது. வரித் தகராறும் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறிய விவகாரமும் சேர்ந்து நெருக்க, 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலையைப் பூட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் இளம்பெண்கள், வீட்டுக்குத் திரும்பினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே ஆலையை சால்காம்ப் நிறுவனம் வாங்கி மறுபடி ஓட்டியது. ஓட முடிந்ததற்குக் காரணம் பழைய வரிச் சலுகையா என்ன? கட்டடம் நின்றது, வேலை தெரிந்த ஆட்கள் சுற்றுவட்டாரத்தில் இருந்தார்கள். பணமாகக் கொடுத்தது போய்விடும், ஊரில் கட்டியதும் கற்றுக்கொடுத்ததும் தங்கும். எந்தச் சலுகையையும் நான் இந்த அளவுகோலில்தான் வைத்துப் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தால் அண்மைய போக்கு கவலை தருகிறது. 2024இல் வந்த ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறேன்: பன்னாட்டு நிறுவனங்களின் உலகளாவிய திறன் மையங்கள் புதிதாக உருவாக்கும் வேலைகளில், மாதச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால், அதில் முதலாண்டு 30 விழுக்காடு, அடுத்த ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 எனச் சம்பள மானியம் தருவதாக அந்த ஆண்டு மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது. உயர்சம்பள வேலை வந்தால் அதைச் சுற்றிப் பத்து சிறு வேலை பிறக்கும் என்பது இதன் பின்னுள்ள கணக்கு. பிறக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவை தரமணியிலும் பெருங்குடியிலும் பிறக்கும். மின் நிலையத்தில் கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்கு நிற்பவரின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்பதாக அந்த அறிக்கை சொல்லவில்லை. லட்ச ரூபாய்க்காரருக்குத்தான் மானியம் என்பதை ஒரு நல்ல நிர்வாகி நியாயப்படுத்திவிடுவார். அத்திப்பட்டில் அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

தரவு மையங்கள் இன்னும் நேரடியான கணக்கு. 2021இல் இதற்கெனத் தனிக் கொள்கை வந்தது: மின்வரி விலக்கு, முத்திரைத் தீர்வைச் சலுகை, இரண்டு வழிகளில் மின் இணைப்பு. கடலடிக் கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறுவதால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் மையங்கள் எழுந்தன. அவற்றுக்கு நிலம் கொஞ்சம், ஆட்கள் அதைவிடக் கொஞ்சம், மின்சாரம் மட்டும் இரவு பகலாக. மின்தொகுப்பில் கலந்துவிட்ட யூனிட்டுக்குப் பிறந்த ஊர் கிடையாது. சிறுசேரியில் எரிவது அத்திப்பட்டுக் கரியா, முப்பந்தல் காற்றா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் காற்று ஓய்ந்த இரவில் தொகுப்பைத் தாங்குவது அனல் நிலையங்கள்தான். தேவை கூடக் கூட, கொதிகலனை மூடும் நாள் தள்ளிப்போகும். எண்ணூரின் பழைய 450 மெகாவாட் நிலையத்தை 2017இல் மூடினார்கள். அதன் பக்கத்திலேயே 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கு 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது.

இந்தப் பாதையில் நமக்கு முன்னே போன நடுத்தர அளவுத் தலைநகர் ஒன்று உண்டு: டப்ளின். 2003 முதல் 12.5 விழுக்காடு நிறுவன வரி என்ற ஒற்றைக் காந்தத்தால் அயர்லாந்து உலகத் தொழில்நுட்ப நிறுவனங்களை இழுத்தது. வேலை வந்தது, வரி வருவாயும் கொட்டியது. அந்த வெற்றியைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் 2023இல் அந்நாட்டின் மின் நுகர்வில் 21 விழுக்காடு தரவு மையங்களுடையது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில், மின் ஒழுங்குமுறை ஆணையம் புதிய இணைப்புகளுக்குக் கடிவாளம் போட வேண்டியிருந்தது. வரிச் சலுகையை வகுத்தவர்களின் தாளில் மின்கம்பி இடம்பெறவே இல்லை.

நாம் யோசித்துக்கொண்டிருந்தால் பக்கத்து மாநிலம் தட்டிக்கொண்டு போய்விடும் என்பார்கள். 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீடு என்று கூகுள் அறிவித்தபோது இங்கே எழுந்த புலம்பல் நினைவிருக்கும். சுந்தர் பிச்சை நம்மூர்க்காரர் ஆயிற்றே என்ற ஆதங்கம் வேறு. போட்டி உண்மை. ஆனால் போட்டியில் கொடுப்பதை எதற்கு ஈடாகக் கொடுக்கிறோம் என்று கேட்பதற்கு அது தடையல்ல.

நல்ல முன்மாதிரி வடசென்னையிலேயே இருக்கிறது. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளுக்கு 4.5 கோடி லிட்டர் மணலி, எண்ணூர் ஆலைகளுக்குத் தரும் திட்டம் 2019இல் வந்தது. ஆலைக்குத் தண்ணீர் உறுதி, ஊரின் குடிநீருக்குப் போட்டி இல்லை. சலுகையும் வளமும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட அரிய இடம் அது. தரவு மையத்துக்கு விலக்கிய மின்வரியையும் இப்படி ஏதாவது ஒன்றோடு கட்டலாம். இன்னொன்று: தரவு மையத்தில் அன்றாடம் நடப்பது மென்பொருள் வேலையைவிட மின்மாற்றி, சுவிட்ச்கியர், குளிரூட்டி, பம்பு, ஜெனரேட்டர் வேலை. அதில் கை பழகியவர்கள் இரண்டு தலைமுறையாக இருக்கும் ஊர் அத்திப்பட்டு. அந்தக் கையிருப்பை எந்த முதலீட்டாளர் மாநாட்டின் பளபளப்பான ஏட்டிலும் நான் பார்த்ததில்லை.

பிரிவுமுறையைத் திருத்தப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். சிறு, குறு தொழில்களுக்கு முதலீட்டு மானியம் தரும்போது இதே அரசு தொழிலில் பின்தங்கிய வட்டாரங்கள் என்று ஒன்றியத்தையே அலகாகக் கொள்கிறது. பட்டறைக்காரருக்கு ஒன்றியம், பன்னாட்டு நிறுவனத்துக்கு மாவட்டம் என்பதற்குக் கோப்புகளின் வசதி தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அத்திப்பட்டு அடங்கிய மீஞ்சூர் ஒன்றியத்தைத் தனியாக எடுத்து, மின்சாரத்தோடு சாம்பலையும் கணக்கில் வைத்துப் பார்த்தால் ‘ஏ’ நிற்குமா என்பது சில வாரங்களில் விடை கிடைக்கக்கூடிய கேள்வி.

வடக்கே எதுவுமே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். அதுவும் திருவள்ளூர் மாவட்டம்தான். வரவேற்க வேண்டிய கட்டடம். அத்திப்பட்டிலிருந்து அங்கே ரயிலில் வேலைக்குப் போக வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டி வழித்தட மின்ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே வந்து, வண்டி மாறி, ஆவடி வழியாக மேற்கே போக வேண்டும். கொள்கைத் தாளில் இரண்டும் ஒரே மாவட்டம்.