சந்தகை ஆறுவதற்குள்

கொங்கு வட்டாரத்தில் சந்தகை பிழிவது ஓராள் வேலை அல்ல. ஒருவர் ஆவியில் வெந்ததைச் சுடச்சுட எடுத்துப் போட, ஒருவர் திருகைச் சுற்ற, இன்னொருவர் அடியில் தட்டை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மூவரில் யார் சுணங்கினாலும் ஆறிவிடும். ஆறினால் அச்சு அடைத்துக்கொள்ளும். உளுந்து சேராத, புளிக்க வைக்காத மாவு அது. புழுங்கல் அரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, இட்லி மாதிரி ஊற்றி வேகவைத்து, அந்தச் சூட்டிலேயே பிழிவார்கள். சூடு இறங்க இறங்க அரிசியின் மாவுச்சத்து இறுகிக்கொண்டே போகும். அதனால் சந்தகைக்கு இருக்கும் அவகாசம் சில நிமிடங்கள்தான்.

கோவையில் வடவள்ளிப் பக்கம் இருக்கும் என் சித்தி மகள் வீட்டில் இந்த வேலை நடப்பது செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரம். அவளுடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை, அம்மாதான் டீச்சர். நூற்பாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், பெண்ணுக்காக வேலையை விட்டாள்.

அந்த வீட்டில் சந்தகை பிழியும் கருவி பழைய மாதிரி. மூன்று கால், நடுவில் உருளை, மேலே திருகு, அதன் தலையில் இரண்டு பக்கமும் கைப்பிடி. சிறுவன் இரு கைகளாலும் பிடித்துச் சுற்றுகிறான். எட்டு வயதுக் கைக்கு இறுகிய மாவைச் சல்லடைத் துளையில் தள்ளும் வலு ஏது? இந்தக் கேள்வியை அக்காக்காரி ஒரு நூலை வைத்து அளந்திருக்கிறாள். கைப்பிடியின் முனை ஒரு சுற்று வர 94 சென்டிமீட்டர் போகிறது. அதே ஒரு சுற்றில் உள்ளே இருக்கும் தண்டு அரை சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. வகுத்தால் 188. தம்பி கொடுக்கும் விசை 188 மடங்காகிறது என்று எழுதிக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் பம்ப்செட் பட்டறைக்காரர். "கையை விட்டா திருகு பின்னாடி வருதா கண்ணு?" என்று மட்டும் கேட்டாராம். வருவதில்லை. தானாகப் பின்வாங்காத திருகு என்றால், போட்ட உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வுக்குப் போகிறது என்று கணக்கு. பெண் 188-ஐ அடித்துவிடவில்லை. பக்கத்தில் 'உராய்வு இல்லாவிட்டால்' என்று சேர்த்திருக்கிறாள். அந்த இரண்டு சொல்லை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிழிந்த சந்தகையில் ஒரு பங்கு தேங்காய்ப் பாலுக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் போகும். ஒரு பங்கில் எலுமிச்சை பிழிந்து கடுகு தாளிப்பாள். எள்ளை வறுத்து வெல்லத்தோடு இடித்த பொடி தனிக் கிண்ணத்தில். இதில் என் ருசி எள்ளுக்குத்தான். வறுக்கும்போது எள் வெடிக்கத் தொடங்கியதும் அவள் அடுப்பை அணைத்துவிடுகிறாள். மிச்ச வறுவலை வாணலியின் சூடே பார்த்துக்கொள்கிறது. இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் கசப்பு தட்டும். பொடியை மிக்ஸியில் போடுவதில்லை. எள்ளில் பாதி எண்ணெய்தானே, மிக்ஸி வேகத்தில் பொடி பசையாகிவிடும். சின்ன உரலில் நாலு குத்து குத்தினால் முழு எள் கொஞ்சம், உடைந்தது கொஞ்சம் என்று நிற்கும். பல்லில் அகப்படும் அந்த முழு எள்ளுக்காகவே நான் இன்னொரு தட்டு கேட்பேன்.

வீட்டிலேயே படிக்க வைப்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று உறவினர்கள் கேட்காத கல்யாண வீடு இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் விதிக்கவும் இல்லை. 14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்; இவர்கள் திட்டமும் அதுதான். அமெரிக்காவில் வீட்டுக் கல்விக்குப் பெரிய ஆதரவாக இருந்த ஜான் ஹோல்ட்டின் புத்தகம் ஒன்று அவள் அலமாரியில் இருக்கிறது, சாம்பார்ப் பொடிக் கறையோடு. எல்லா வீட்டுக்கும் இது ஆகும் என்று நான் நம்பவில்லை. ஒரு சம்பளத்தில் குடும்பம் நடக்க வேண்டும்; ஒருத்தியின் பகல் முழுவதும் இதற்கே போக வேண்டும். அந்த ஒருத்தி பெரும்பாலும் அம்மாவாகவே இருப்பது பற்றி எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதலாம். எனக்கு இங்கே சொல்ல வேண்டியது அவள் பாத்திரக் கடையில் நிற்கும் அழகு.

அவளோடு கடைக்குப் போனால் பொறுமை வேண்டும். டீ வடிகட்டியைக் கையில் எடுத்தாள் என்றால் வலையைப் பார்க்க மாட்டாள். வலையை மடித்துச் சொருகியிருக்கும் விளிம்பில் நகத்தை ஓட்டுவாள். நகம் எங்காவது தட்டினால் அங்கே டீத்தூள் தங்கும் என்று பொருள். வடிகட்டி திரும்பவும் ஆணிக்குப் போய்விடும். டிபன் பாக்ஸ் மூடியில் ரப்பர் வளையத்தை உருவி, அது உட்காரும் பள்ளத்தைப் பார்ப்பாள். பள்ளத்தில் சுண்டுவிரல் நுனி இறங்க வேண்டும், அதன் அடி வளைவாக இருக்க வேண்டும். கூர்மூலையாக இருந்தால் வேண்டாம். "விரல் போகாத இடத்துக்கும் தண்ணி போகும் அக்கா" என்பாள். கரண்டிக்குத் தனிச் சோதனை. கைப்பிடி கனமாகத் தெரிந்தும் எடையில்லாமல் இருந்தால் உள்ளே பொள்ளல். பொள்ளல் பிடியில் பற்றவைத்த இடத்தில் ஊசித் துளை இருந்தால் கழுவுகிற தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, என்றோ ஒரு நாள் குழம்பில் சொட்டும். வீட்டில் பழைய கரண்டி ஒன்றைச் சிறுவன் காதருகே ஆட்டிக் காட்டினான். உள்ளே நீர் அலம்பும் சத்தம் எனக்கும் கேட்டது. எத்தனை வருடம் இப்படி ஒரு கரண்டியால் பரிமாறியிருப்போமோ!

தோசைத் திருப்பியில் அவள் பார்ப்பது முனையின் சரிவு. ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தேய்த்திருந்தால் அது தோசைக்கும் கல்லுக்கும் நடுவே தானாக நுழையும். இரண்டு பக்கமும் மழுங்கியிருந்தால் தோசையைத் தள்ளும், மடிக்கும். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிச் சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறாள். அவள் பழமைவாதி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டில் கழுவச் சிலிகான் பிரஷ்தான் வைத்திருக்கிறாள். நைலான் பிரஷ் போல மயிர் உதிராது, வெந்நீரில் போட்டு எடுக்கலாம். முற்றிய பீர்க்கங்காய்க் கூட்டை உடம்பு தேய்க்க மட்டும் வைத்துக்கொள்கிறாள். பாத்திரத்துக்குச் சரிப்படவில்லை, பருப்பு நாருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் வரும் நுரை பட்டுப் பாவாடைக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் போதும். எண்ணெய்ப் பிசுக்கு வாணலிக்கு வேண்டாம், சோப்பே போடு என்பாள். இயற்கை என்று விளம்பரம் போட்டதாலேயே ஒன்றை வாங்கியதில்லை.

சமையலறைச் சுவரில் வரிசையாகப் பித்தளை அளவுப் பாத்திரங்கள் தொங்குகின்றன. பழைய சாமான் கடையில் சேர்த்தவை. ஆழாக்கு 168 மில்லி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எல்லாம் இரட்டித்துக்கொண்டே போவதால் பின்னம் படிக்க இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. படியில் அரை, கால், அரைக்கால் மூன்றும் கையில் தூக்கிப் பார்க்கும்படி இருக்கின்றன. அரிசியை நிரப்பும்போது கோபுரமாகக் குவித்தால் ஓர் அளவு, விளிம்போடு தட்டினால் வேறு அளவு. எவ்வளவு வித்தியாசம் என்று சிறுவன் தராசில் போட்டுப் பார்த்திருக்கிறான். அரிசிம்பருப்பு சாதத்துக்கு உழக்கு அரிசிக்கு ஆழாக்குக்கும் குறைவாகத் துவரம்பருப்பு என்று அவள் சொல்லும்போது அது சமையல் குறிப்பா, கணக்குப் பாடமா என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை.

அந்த எலெக்ட்ரானிக் தராசுதான் அவள் வாங்கியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது. கேக் செய்ய வாங்கியது. அதைக் கொண்டு மகள் செய்த காரியம் வேறு. ரசத்துக்கு ஈயச் சொம்பு ஒன்று வாங்க வேண்டும் என்று அம்மாவுக்கு வெகுநாள் ஆசை. ஈயச் சொம்பு என்பது வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகிவிடும், அடுப்புத் தீயோ அதற்குப் பல மடங்கு மேலே. உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பு பிழைக்கும், ஏனென்றால் கொதிக்கும் நீர் சூட்டை இழுத்து ஆவியாக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் பாட்டிமார் முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்றினார்கள். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்தார்கள். வெறும் சொம்பை ஏற்றியவர்கள் அடுப்படியில் வெள்ளிக் குட்டையைத்தான் பார்த்திருப்பார்கள். இதெல்லாம் சரி, சொம்பில் காரீயம் கலந்திருந்தால்? அது நஞ்சாயிற்றே.

வாங்கி வந்த சொம்பைப் பெண் தராசில் வைத்து எடை பார்த்தாள். பிறகு விளிம்பு வரை நீர் நிரம்பிய அண்டாவில் அதை முழுக்கி, வழிந்த நீரைத் தாம்பாளத்தில் பிடித்து அளந்தாள். வெள்ளீயம் நீரைப் போல 7.3 மடங்கு அடர்த்தி, காரீயம் 11.3 மடங்கு. அதாவது 730 கிராம் சுத்த வெள்ளீயச் சொம்பு 100 மில்லி நீரைத் தள்ளும். காரீயம் கூடக்கூட, அதே எடைக்கு வழியும் நீர் குறையும். அவளுக்கு வந்த விடை 7.3-க்குப் பக்கத்தில். நானாக இருந்தால் அன்றைக்கே ரசம் வைத்திருப்பேன். அவள் நோட்டில் அடியில் எழுதியிருந்தாள்: 'கொஞ்சம் கலந்திருந்தால் இந்த அளவில் தெரியாது. நீரை அளக்கும்போதே 2 மில்லி கூடக்குறைய வருகிறது.' அம்மா அதைப் படித்துவிட்டு, சொம்பைச் சாமி அலமாரியில் பூ வைக்க எடுத்துக்கொண்டாள். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கும்வரை ரசம் கல்சட்டியில்தான்.

கல்சட்டியும் நல்லதாகவே வாய்த்திருக்கிறது. சேலத்து மாக்கல். நகத்தால் கீறினால் கோடு விழும் அளவு மென்மை; சிலேட்டில் எழுதிய பலப்பமும் இதே கல்லில் செய்ததுதான் என்பதைச் சிறுவன் உடைந்த மூடித் துண்டால் கரும்பலகையில் எழுதிக் காட்டினான். வாங்கியதும் வடிகஞ்சியைச் சூடாக ஊற்றி ஊற்றி வைத்து, எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பல நாள் பழக்கினார்கள். இறக்கிய பிறகும் கல்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் வற்றல் குழம்பு சரியான பதத்துக்கு வருமுன்பே, சற்று நீர்த்திருக்கும்போதே இறக்கிவிடுகிறாள். மீதிக் கெட்டியைக் கல் பார்த்துக்கொள்ளும். எள்ளுக்கு வாணலி, குழம்புக்குக் கல்சட்டி. இரண்டிலும் அணைத்த பிறகு நடக்கும் சமையலைக் கணக்கில் வைத்தே அணைக்கிறாள். புத்தகத்தில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு எனக்கு ஏன் எப்போதும் சரிப்படுவதில்லை என்று அன்றுதான் விளங்கியது.

வாங்கிய சாமான்களுக்கென்று அந்த வீட்டில் ஒரு நீள நோட்டு உண்டு. பழைய கணக்குப்பிள்ளை புத்தி போகுமா! இடப் பக்கம் 'வாங்கியது', வலப் பக்கம் 'வாங்காதது'. விலை, தேதி, காரணம் மூன்றும் எழுத வேண்டும், எழுதுவது பிள்ளைகள். வாங்காத பக்கம்தான் படிக்கச் சுவை. 'காய் நறுக்கும் மெசின். கத்தி நல்லது. கழட்ட 6 பாகம். வெங்காயம் நறுக்குற நேரத்தவிட கழுவுற நேரம் அதிகம்.' இது தம்பியின் கையெழுத்து. 'மர அகப்பை. பிடியில் வார்னிஷ் பூசியிருக்கிறது. சூட்டில் உரியும் என்று நினைக்கிறோம், நிச்சயமில்லை.' இது அக்கா.

போன பொங்கலுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஹாட்பாக்ஸைத் தேடினேன். இரண்டு பக்கத்திலும் இல்லை. விசாரித்தபோது சிறுவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அதற்குத் தனித் தலைப்புக் கொடுத்து அக்கா எழுதியிருந்தாள்: 'வந்தது. பெரியம்மா. விலை கேட்கக் கூடாது என்று அம்மா சொன்னாள். சூடு 4 மணி நேரம் நிற்கிறது. மூடியில் சப்பாத்தி வேர்க்கிறது, துணி போட்டால் சரி. உள் விளிம்பில் விரல் போகவில்லை.'