‘நெஞ்சில் ஓர் ஆலயம்’: மணவாக்கின் எல்லை யாது?

1962ஆம் ஆண்டில் ஸ்ரீதர் எழுதி இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, சிறு செலவில், பெரும்பாலும் ஒரே மருத்துவமனை அரங்கினுள் எடுக்கப்பட்ட படம். இதனை நாம் மீண்டும் கருதுவதற்குக் காரணம், திருமணத்தைக் குறித்து அது எழுப்பும் வினாவேயாகும்.

புற்றுநோயுற்ற வேணு (முத்துராமன்) மனைவி சீதாவுடன் (தேவிகா) மருத்துவமனைக்கு வருகிறான். அங்குள்ள மருத்துவர் முரளியும் (கல்யாண்குமார்) சீதாவும் முன்னாளில் ஒருவரையொருவர் நேசித்தவர்கள். இதையறிந்த வேணு, தான் இறந்தால் அவரை மணந்துகொள்ளுமாறு அவளை வேண்டுகிறான். அவளோ பதறி மறுக்கிறாள். அறுவை சிகிச்சையில் வேணு பிழைக்கிறான், மருத்துவர் மாண்டுபோகிறார்.

இம்மூவரில் தீயவர் எவருமில்லை. அதுவே படத்தின் சிறப்பு. ஆயினும், எழுப்பிய வினாவுக்குப் படம் விடையளிக்கவில்லை. கணவன் இறந்திருந்தால் சீதா என்ன செய்திருப்பாள்? மருத்துவரின் மரணம் அவ்வினாவையே அகற்றிவிடுகிறது.

அம்மரணத்தைக் கிறிஸ்துவின் தியாகத்திற்கு ஒப்பிட்டுப் பிரசங்கிக்க நமக்கு ஆவல் எழலாம். அது பொருந்தாது. கதையின் சிக்கலைத் தீர்க்க வந்த சாவு வேறு, மீட்பின் சாவு வேறு. எவன் இறந்தால் தமக்கு வழி திறக்குமோ, அவனையே பிழைக்கவைக்க ஒருவர் தம் திறமை முழுவதையும் அளித்தாரே, பிரசங்கத்திற்குரிய உவமை அங்கேதான் உள்ளது.

சீதாவின் மறுப்பு அன்பினின்று பிறந்ததாயின் அதனை மதிப்போம். ஆனால் மறுமணம் என்னும் சொல்லே கற்புக்கு இழுக்கு என்னும் எண்ணமும் அதில் ஒலிக்கிறது. விதவைகளின் மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்து நூறாண்டுகளுக்குப் பின் வந்த படம் இது. சட்டத்தைவிட மரபு வலியது. கணவன் மாண்டவுடன் தானும் மாண்ட பாண்டிமாதேவியைச் சிலப்பதிகாரத்தில் போற்றிக் கேட்ட மதுரை மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

திருச்சபையின் மணவாக்கோ மரணம்வரை மட்டுமே செல்கிறது. கணவனை இழந்தவள் கர்த்தருக்குள் தனக்கு விருப்பமானவரை மணக்க விடுதலையுள்ளவள் என்கிறார் பவுல் (1 கொரி. 7:39). மணவாமல் இருப்பதை அவர் மேலாகக் கருதினும், தெரிவை அவளிடமே விடுகிறார். வேணுவின் பெருந்தன்மையிலும் இதுவே குறை: அவளுக்குரிய தெரிவை அவன் செய்து வைக்கிறான்.

மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் இளம் விதவையொருத்தி ஆயரிடம் வந்து மறுமணம் குறித்துக் கேட்கும்போது, அவர் பேசவிருப்பது பவுலின் சொல்லையா, ஊராரின் சொல்லையா? படம் விடாமற்போன விடையை நாம் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.