இரு காதுகளின் கணக்கு

பழவேற்காடு ஏரியில் மார்கழிப் பனி கரையை மறைத்திருக்கும். எங்கோ மடவை துள்ளி விழும். படகிலிருப்பவர் தலைத்துண்டைக் காதுக்கு மேல் ஏற்றிவிட்டு, சரியாக அந்தப் பக்கம் திரும்புவார். அந்தத் திருப்பம் ஓர் அற்புதம்.

இடப்பக்கம் எழும் ஒலி வலக்காதை எட்ட, அதிகம் போனால் 0.7 மில்லிவிநாடிதான் தாமதமாகும். இந்த இம்மியை மூளைத்தண்டு அளந்துவிடுகிறது. கீச்சொலியைத் தலையே தடுப்பதால் மறுகாதில் சத்தம் குறையும். அதுவும் கணக்கில் சேரும். 1907-இல் இயற்பியலாளர் ராலே பிரபு இவ்விரு வழிகளையும் விளக்கினார். பூநாரையின் குரல் மேலிருந்து வருகிறதா என்பதைச் சொல்வது காதுமடலின் மடிப்புகள். முன்னா, பின்னா என்ற குழப்பத்துக்குத் தலையை லேசாக அசைத்தாலே போதும்.

வலையும் துடுப்பும் போல இந்தச் செவித்திறனும் தொழிற்கருவிதான். பிறவியிலேயே கிடைத்தது, பழகப் பழகக் கூர்மையாவது.