வரைகலைஞனும் வாசகனே

கலைகளை அழகுக் கலை என்றும் பயன் கலை என்றும் இரு கூறாக வகுத்து, முன்னதை உயர்த்திப் பின்னதைத் தாழ்த்தும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கோயிற் சுவரில் தீட்டிய ஓவியத்தைக் கலை என்போம். அதே கோயிலின் திருவிழா விஞ்ஞாபனத்துக்குத் தலைப்பெழுத்து வரைந்தவனைத் தொழிலாளி என்போம். சட்டமிட்டு மாட்டிய படத்துக்கு விலையும் உண்டு, வரைந்தவன் பெயரும் உண்டு. நூலின் அட்டைக்கோ பெரும்பாலும் கூலி மட்டுமே உண்டு. இப்பாகுபாடு பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. வரைகலைஞன் முதலில் ஒரு வாசகன். தான் வாசித்ததையே அவன் கோட்டாலும் எழுத்தாலும் வெளியிடுகின்றான். ஆதலின் அவன் படைப்பை உரையாசிரியன் ஒருவனின் உரையை மதிப்பிடுமாறே மதிப்பிடல் வேண்டும் என்பது எமது துணிபு.

அவனது அன்றாடப் பணி யாதென முதற்கண் நோக்குவாம். கலியாண அழைப்பிதழ், கடையின் பெயர்ப்பலகை, பாடசாலை மலர், கவிதை நூலின் அட்டை, மரண அறிவித்தல் என அது விரிந்து செல்லும். யாழ்ப்பாணத்தில் இவற்றோடு மற்றொன்றும் சேரும். அது முப்பத்தோராம் நாட் கிரியையின்போது வழங்கப்படும் கல்வெட்டு. இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, புலம்பற் பாக்கள், திருமுறைப் பாடல்கள் ஆகியன அடங்கிய அச்சிறு நூலைக் கையிலெடுத்துப் பாராத குடும்பம் இங்கு அரிது. செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் நட்டு வாழ்ந்து மறைந்த கோப்பாய்க் கமக்காரர் ஒருவரின் பெயர் அட்டையில் அச்சேறுவது பெரும்பாலும் அந்த ஒரு நூலில் மட்டுமே. அதற்குக் கிடைக்கும் படமோ அடையாள அட்டைக்கு எடுத்த மங்கிய படம். கிடைக்கும் காலமோ ஒரு மாதத்துக்குள். அந்த மனிதரை அறியாத வரைகலைஞன், வரலாற்றை வாசித்து, அவர் முகத்தையும் பெயரையும் எங்ஙனம் வைத்தால் அவர் வாழ்வுக்குத் தகும் எனத் தீர்மானிக்க வேண்டியவனாகின்றான். வாசியாது செய்பவன் எல்லோருக்கும் ஒரே தாமரையையும் ஒரே குத்துவிளக்கையும் வைத்து அனுப்பிவிடுவான். இருவருக்கும் கூலி ஒன்றே, வேலை ஒன்றன்று.

இனி, அவன் கையாளும் பொருள்களுள் தலையாயது எழுத்து. எழுத்தின் வரிவடிவத்தை அற்பமெனத் தமிழ் மரபு ஒதுக்கியதில்லை. மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் வடிவத்தையும் இலக்கணமாக்கிற்று. ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு கிழியுமாதலின் ஏட்டில் எழுதுவோர் அதனை விடுத்தனர்; படிப்போர் இடம் நோக்கி உணர்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேற்றுவடிவு அமைத்து அவ்விடர்ப்பாட்டைக் குறைத்தார். அச்சு வந்தபின் எழுத்து உலோகத்தில் உறைந்தது. 1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியதும், 1849இல் நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியதும், 1862இல் உவின்சிலோ அகராதி அழகிய சிற்றெழுத்துக்களில் சென்னையில் அச்சேறியதும் நம்மவர் அறிந்த வரலாறு. 1978இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துக்களின் வடிவைச் சீர்திருத்தி ஆணையிட்டது. இவ்வாறு ஓலையும் ஈயமும் அரசாணையும் மாற்றி மாற்றி வடித்த வடிவமே இன்று நம் கையிலுள்ளது. அதனைத் தலைப்பில் வரைபவன் இவ்வரலாறு முழுவதையும் தொட்டே வரைகின்றான்.

வாசிப்பே வரைதலுக்கு முதல் என்பதற்கு ஓவியர் கோபுலு சிறந்த சான்றாவார். தஞ்சாவூரில் 1924இற் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பாடசாலையிற் பயின்று, மாலியின் வழிகாட்டலில் ஆனந்த விகடனிற் சேர்ந்து, பின்னர் விளம்பரத் துறை புகுந்து, 1972இல் சொந்த நிறுவனம் தொடங்கி, 2015இல் மறைந்தவர் அவர். விகடன் தொடர்கதைகளின் தாள்களைக் கழற்றிச் சேர்த்துக் கட்டி வைக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இருந்தது. அத்தகைய கட்டு ஒன்றில் கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ கதையைப் படித்தோர், நாதசுரக்காரர் கருவியைப் பிடிக்கும் பிடியையும், தவிற்காரர் உடலைச் சாய்க்கும் சாய்வையும் கோபுலுவின் கோடுகளிற் கண்டிருப்பர். கதாசிரியர் சொல்லாது விட்ட செய்திகள் அவை. தஞ்சை மண்ணின் கச்சேரிகளைக் கண்ணால் வாசித்தவர்க்கே அவை கைகூடும். சொல்லே இல்லாத நகைச்சுவைப் படங்களையும் அவர் வரைந்தார். அங்கே படமே வாசகமாகின்றது.

எனினும் குறை கூறாத மதிப்பீடு மதிப்பீடன்று. அக்காலச் சஞ்சிகைப் படங்களிற் கதைத் தலைவியர் பலரும் ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற அழகியராய் இருப்பர். அக்குறை கோபுலுவிடத்தும் ஓரளவு உண்டு. சவடால் வைத்தி போன்ற துணைப் பாத்திரங்களிலேயே அவர் கை முழு விடுதலை பெறுகின்றது. ஏனெனில், தலைவியை வாசகர் எதிர்பார்ப்பு வரைகின்றது. வைத்தியைக் கோபுலு வரைகின்றார். முதுமையில் நோயால் வலக்கை தளர்ந்தபோது அவர் இடக்கையாற் பழகி வரைந்தார் என்ற செய்தியும் சிந்திக்கத் தக்கது. கலை கையில் மட்டும் இருந்திருந்தால் அஃது அன்றே நின்றிருக்கும்.

கோபுலு கதையை வாசித்தார் எனின், ஓவியர் ஆதிமூலம் எழுத்தையே வாசித்தார் எனலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 1938இற் பிறந்து, சென்னை அரசினர் கலை தொழிற் கல்லூரியிற் பயின்ற அவர், 1969இற் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியடிகளைக் கறுப்புக் கோடுகளில் நூறு படங்களாக வரைந்தார். அதே தூரிகையை அவர் சிறுபத்திரிகைகளின் தலைப்புக்கும் நூலட்டைகளுக்கும் கொணர்ந்தமையே தமிழ்ப் பதிப்புலகில் நேர்ந்த மாற்றம். அதற்குமுன் அட்டை எழுத்துக்கள் பெரும்பாலும் ரிப்பன் போல வளைந்தும் நிழல் விழுத்தியும் அலங்காரமாக நின்றன. ஆதிமூலத்தின் எழுத்தோ மண்ணிற் கீறியது போலச் சொரசொரப்பாயும், சில இடங்களில் மை தேய்ந்தும் நின்றது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த படங்களில் அக்கோட்டின் வறட்சியே கரிசல் நிலத்தின் வறட்சியாயிற்று. பொருளும் வடிவும் ஒன்றியமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆயின் அவரைப் பின்பற்றினோர் அச்சொரசொரப்பை மட்டும் எடுத்துக்கொண்டனர். மென்மையான காதற் கவிதைக்கும் அதே முரட்டுத் தூரிகை என்றாயிற்று. 2008இல் அவர் மறைந்தபின்னும் அம்மோகம் தணியவில்லை. ஒருவரின் வாசிப்பை மற்றொருவர் கடன் வாங்குதல் இயலாது என்பதையே இது காட்டுகின்றது.

தமிழுக்கு வெளியே ஓர் உதாரணம் கூறுவாம். வங்கத்துச் சத்தியஜித் ரே திரைப்பட இயக்குநராகுமுன், 1943 முதற் கல்கத்தா விளம்பர நிறுவனம் ஒன்றில் வரைகலைஞராய்ப் பணியாற்றியவர். சிக்னெற் பதிப்பகத்துக்காக அவர் நூலட்டைகள் பல வரைந்தார். கோர்பெற்றின் குமாவுன் புலிவேட்டை நூலுக்கு அட்டை முழுவதையும் புலித்தோலாக்கி, முன்னட்டையிற் குண்டு நுழைந்த துளையையும் பின்னட்டையில் அது வெளியேறிய துளையையும் வரைந்தார். வெளியேறிய துளை பெரிது. வேட்டைக்காரன் அறிந்த அவ்வுண்மையைக் கவனியாத வாசகன் இரண்டையும் ஒரே அளவாக வரைந்திருப்பான். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைகையிலேயே அக்கதை அவர் உள்ளத்திற் புகுந்தது. 1955இல் அது திரைப்படமாயிற்று. அட்டை வேலை என இகழப்படும் பணி எத்துணை ஆழ்ந்த வாசிப்பாகக் கூடும் என்பதற்கு இது போதும்.

பிறர் சொன்னதைச் சொன்ன காலத்துக்குள் கூலிக்குச் செய்பவனுக்குச் சுதந்திரம் ஏது, சுதந்திரமற்றது கலையாகுமா எனச் சிலர் வினவுவர். வெண்பாவின் தளை பாவலனைக் கட்டுகின்றது; அதனால் வெண்பா கலையன்று என எவரும் கூறார். புளொக் செய்து அச்சிட்ட காலத்தில் கோட்டுப் படத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் அன்றி இடைநிறம் இல்லை. அவ்வறுமையே நெருக்கியும் நெகிழ்த்தியும் இழுத்த கோடுகளால் நிழல் காட்டும் திறனை வளர்த்தது. கட்டளைக்கு அடங்குதலாற் கலை கெடுவதில்லை. வாசியாமல் அடங்குதலாலேயே கெடுகின்றது.

இவ்விடத்து எமது சொந்தத் தவறொன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. சில ஆண்டுகளுக்கு முன் யான் மலர்க்குழுவில் இருந்த ஒரு பாடசாலையில், ஆண்டு மலருக்கு மாணவன் ஒருவன் ‘தென்றல்’ என்னும் தலைப்பைத் தன் கையால் வரைந்து தந்தான். றகரத்தின் காலை நீட்டி வேலியோரப் பனையோலை அசைவது போல அமைத்திருந்தான். கையெழுத்துப் போலிருக்கின்றது எனக் குழுவிற் சிலர் கூற, யானும் வாளாவிருந்தேன். கணினியில் ஆயத்தமாகக் கிடைத்த அட்டையொன்று வந்தது. அதிற் பனி மூடிய மலையும் பிறநாட்டுச் சிறாரும் இருந்தனர். அச்சாகி வந்தபோது தகரத்தின் முன் நிற்கவேண்டிய கொம்பு அதன் பின்னே போய் நின்றது. பிரதிகள் அனைத்திலும் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. ஒட்ட வந்த மாணவருள் அவனும் ஒருவன். ஒன்றும் பேசாது ஒட்டினான். பின்னர் அவன் வரைந்து யான் கண்டதில்லை.

அத்தவறு மீளாதிருக்க வேண்டுமாயின் மாணாக்கர் கொள்ளத்தக்க சில பயிற்சிகளைத் தொகுத்துரைப்பாம்.

முதலாவது, தூரிகையோ கணினியோ தொடுமுன் கையெழுத்துப் பிரதியை முழுதும் வாசித்தல். வாசித்தபின் அந்நூலை ஒரே வாக்கியத்திற் கூற இயலாவிடின் அட்டை வரையத் தொடங்கலாகாது.

இரண்டாவது, தமிழ் எழுத்தின் இயல்பறிதல். ரகரம் ஒடுங்கியது, ணகரமும் ஞகரமும் அகன்றவை. கீழே உகரக் கீற்றும் மேலே புள்ளியும் விசிறியும் நீளுகின்றன. ஆதலின் எழுத்துக்களிடையே அளவுகோலால் ஒரே இடைவெளி விடுதல் பொருந்தாது. கண்ணுக்கு ஒத்ததாகத் தோன்றுமாறு விடுதல் வேண்டும். வரிகளுக்கிடையேயும் ஆங்கிலத்துக்கு விடுவதினும் கூடுதலான இடம் தேவை.

மூன்றாவது, அச்சில் வரும் அளவினும் பெரிதாக வரைதல். சுருக்கும்போது கைநடுக்கம் மறையும். ஆனால் மயிரிழைக் கோடும் உடன் மறையுமாதலின் கோட்டைச் சற்றுத் தடிப்பாக இடுக.

நான்காவது, நிறத்திற் சிக்கனம். கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுவது. தாளோ மையாற் காட்டுவது. திரையில் ஒளிரும் நீலம் தாளில் மங்கிப்போம். இரு நிறத்தில் நன்கு சிந்தித்த அட்டை, சிந்தியாத பன்னிற அட்டையினும் மேலானது.

ஐந்தாவது, இறுதிப் படியை ஒரு முறையேனும் தாளிற் பதித்து, எழுத்தெழுத்தாக வாய்விட்டு வாசித்தல். ஒருங்குறியில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே எழுத்துச் சேமிக்கப்படுகின்றது. தமிழ் அறியாத மென்பொருள் அவ்வொழுங்கிலேயே கொம்பைக் காட்டிவிடும். இயந்திரம் வாசிப்பதில்லை, வாசிக்க வேண்டியவன் மனிதனே.

யாழ்ப்பாணம் இத்துறையில் வறியதன்று. 1938இல் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் ஆட் கிளப் இங்கே ஓவியப் பயிற்சியை வளர்த்தது. ஓவியர் ரமணி ஈழத்து நூல்கள் பலவற்றுக்கு அட்டைப் படம் வரைந்தார். 1981இல் நூலகம் எரிந்தபோதும், 1995இல் ஊரே இடம்பெயர்ந்தபோதும் ஏடுகளோடு அட்டைகளும் அழிந்தன. எஞ்சியவற்றுட் பலவற்றை, 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம முயற்சியின் பயனாக அட்டையோடு இன்று காணலாம். ஆயின் அவற்றைப் புரட்டுவோர் ஒன்றைக் காண்பர். ஆசிரியர் பெயர் உண்டு, அச்சகத்தின் பெயர் உண்டு, விலையும் உண்டு; அட்டை வரைந்தவர் பெயர் பல நூல்களில் இல்லை. நெருப்பு அழித்த பெயர்களல்ல அவை. நாமே எழுதாது விட்டவை.

எனவே பாடசாலை மலர்க்குழுக்களுக்கு எமது வேண்டுகோள் இரண்டே. மலரின் அட்டையையும் தலைப்பையும் மாணாக்கர் கையால் வரையச் செய்க. வரைந்தவன் பெயரை உள்ளே அச்சிடுக. அந்த மாணவன் வரைந்த ‘தென்றல்’ இன்றும் எமது மேசை இழுப்பறையில் இருக்கின்றது. காலங்கடந்து அதனை வாசிக்கக் கற்றோம் என்பதற்கு இக்கட்டுரையே சான்று.