நன்றி யாருக்கு? – வ.உ.சி.யின் ஜேம்ஸ் ஆலனை முன்வைத்து

2017 மார்ச்சில் எரியோட்டில் எங்கள் தோட்டத்தில் மூன்றாவது போர் போட்டார்கள். முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்திருந்தது. நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடந்தார். வேலியோரம் வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. நான் அப்போது சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் கோடு எழுதிக்கொண்டிருந்தேன். போர் வண்டி வந்த இரவு அப்பாவுக்குப் போன் போட்டு, “தண்ணி வந்திருச்சுன்னே நினைச்சுக்கங்கப்பா. வருமான்னு யோசிக்காதீங்க. வந்திருச்சு, அதுக்கு நன்றின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருங்க” என்றேன். அவர் ‘ம்’ கொட்டினார். பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. தொள்ளாயிரம் அடி வரைக்கும் வெறும் புழுதிதான்.

மறுநாள் நான் கேட்டதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையே அதனால்தான். “நடுவுல எப்பவாவது சந்தேகப்பட்டீங்களாப்பா?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “பாறைக்கு அதெல்லாம் தெரியுமா தம்பி?” என்றார். பிறகு வண்டிக்காரருக்குப் பாக்கி எவ்வளவு, கேசிங் பைப்புக்கு எவ்வளவு என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பக்கம் கடினப் பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் தண்ணீர் நிற்கும். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு இஞ்ச் தண்ணீர் கொட்டும்போது நம்முடையதில் நூறடி தள்ளிப் போட்ட போர் காய்ந்து கிடப்பது சாதாரணம். இன்ஜினியரிங் படித்தவனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வருஷம் என் மேஜையில் ரோண்டா பைர்னின் ‘தி சீக்ரெட்’ இருந்தது. 2006இல் வந்த புத்தகம். தமிழ் மொழிபெயர்ப்பும் ரயில்வே ஸ்டேஷன் கடை வரைக்கும் கிடைக்கிறது. கேள், நம்பு, பெற்றுக்கொள். கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக எண்ணி நன்றி சொல். இதுதான் ஈர்ப்பு விதி.

புரோகிராமர் கண்ணால் பார்த்தால் இந்த விதி ஒரு விசித்திரமான சிஸ்டம். வேலை செய்தால் விதியின் பெருமை. வேலை செய்யாவிட்டால் யூசர் எரர். தோல்விக்கு லாக் கிடையாது, ஏனென்றால் தோற்றவர்கள் யாரும் அடுத்த பதிப்பில் சாட்சி சொல்ல வருவதில்லை. இப்படி ஒன்றை நான் ரிலீஸ் செய்தால் டெஸ்டிங் டீம் என்னை ஆபீஸுக்குள் விடாது. ஆனாலும் இந்த ஓட்டையைவிட என்னை உறுத்துவது வேறு. இதை நம்புகிறவன், காய்ந்துபோன போருக்குப் பக்கத்தில் நிற்கும் சொந்த அப்பாவிடம் போய் ‘சந்தேகப்பட்டீங்களா’ என்று கேட்டுவிடுகிறான். நான் கெட்டவன் இல்லை. விதி அப்படிக் கேட்கச் சொல்கிறது.

இதெல்லாம் அமெரிக்க இறக்குமதி, நமக்கு அந்நியம் என்று சொல்லித் தப்பிக்கலாமென்று பார்த்தால் முடியவில்லை. என் அப்பா தலைமுறைக்கு எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ இருந்தது. 1988இல் பாலசந்தர் ‘உன்னால் முடியும் தம்பி’ என்று அவர் நூலின் பெயரையே படத்துக்கு வைத்து, கமலின் பாத்திரத்துக்கும் உதயமூர்த்தி என்றே பெயர் சூட்டினார். அதற்கும் முன்னால் அப்துற் றஹீம். இன்னும் பின்னால் போனால் நாம் எதிர்பார்க்காத ஒருவர் நிற்கிறார்: வ.உ.சிதம்பரம் பிள்ளை.

ஜேம்ஸ் ஆலனின் ‘ஆஸ் எ மேன் திங்கெத்’ 1903இல் வெளியானது. இன்றைய ஈர்ப்பு விதிப் புத்தகங்களுக்கெல்லாம் அது ஒரு பாட்டி. வ.உ.சி. அதை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார், 1909இல் வெளிவந்தது. தொடர்ந்து ‘அகமே புறம்’ (1914), ‘வலிமைக்கு மார்க்கம்’ (1916), ‘சாந்திக்கு மார்க்கம்’ (1934) என்று ஆலனின் நூல்கள் வந்துகொண்டே இருந்தன. ஏதோ ஒரு மனநிலையில் ஒருமுறை செய்த வேலை அல்ல, கால் நூற்றாண்டு உறவு.

1909இல் அவர் எங்கே இருந்தார்? கோவைச் சிறையில். 1908 ஜூலையில் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை இரண்டு ஆயுள், மொத்தம் நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். கோவையில் செக்கிழுத்ததைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். பாடத்தில் இல்லாதது, அந்தக் காலத்தில் அவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த புத்தகம் என்ன சொல்கிறது என்பது. சூழ்நிலை மனிதனை உருவாக்குவதில்லை, அவனுக்கு அவனையே காட்டுகிறது என்கிறார் ஆலன். துன்பம் எப்போதும் ஏதோ ஒரு திசையில் தவறிப்போன எண்ணத்தின் விளைவு என்றும் சொல்கிறார். செக்கை இழுக்கும் மனிதன் இதைத் தமிழில் எழுதுகிறான். முதன்முதலில் இது உறைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஐயா, உங்கள் எந்த எண்ணம் தவறியதால் கப்பல் கம்பெனி போச்சு?

ஏனென்றால் அது எப்படிப் போச்சு என்று நமக்குத் தெரியும். 1906இல் பத்து லட்ச ரூபாய் மூலதனத்துக்குத் திட்டமிட்டுப் பதிவான சுதேசி கப்பல் கம்பெனிக்கு எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. இலவசப் பயணமும் குடையும் கொடுத்தார்கள் என்பது வரை கதைகள் உண்டு. ஆட்சி அந்தப் பக்கம். ஆளைத் தூக்கி உள்ளே போட்டாயிற்று. அவர் சிறையிலிருக்கும்போதே கம்பெனி கலைக்கப்பட்டது. ஈர்ப்பு விதியில் போட்டியாளர் என்றொரு ஆள் கிடையாது. நீ இருக்கிறாய், பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். வ.உ.சி.யின் வாழ்க்கையிலிருந்து எதிராளியை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கைதாவதற்குச் சில வாரம் முன்னால், 1908இல், தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றார். கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மனதை மாற்றிக்கொள்ளுங்கள், கூலி தானே வரும் என்று அந்தத் தொழிலாளிகளிடம் அவர் சொல்லவில்லை. வேடசந்தூர் சுற்றுவட்டாரத்தில் ஸ்பின்னிங் மில்கள் நிறைய. எங்கள் தெருவிலிருந்தே விடியற்காலை மில் வேனில் பெண்கள் போவார்கள். ஒரு மில்லில் மோட்டிவேஷன் வகுப்பு என்று கூட்டி, நன்றி சொல்லிப் பழகினால் வேலை பாரமாகத் தெரியாது என்று பேசினார்களாம். என் பெரியம்மா மகள் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். “ஷிப்ட்டு எட்டு மணி நேரமா குறைஞ்சா நாங்களே நன்றி சொல்லிட்டுப் போறோம்.”

அப்படியென்றால் வ.உ.சி. ஏன் ஆலனைத் தேர்ந்தார்? என் வாசிப்பு இது, தவறாகவும் இருக்கலாம். ஆலன் பெரும்பாலும் பொருளைத் தருவதாக வாக்களிப்பதில்லை. ஈர்ப்பு பற்றி அவரும் பேசுகிறார். ஆனால் மனிதன் விரும்புவது அவனிடம் வந்து சேராது, அவன் எதுவாக இருக்கிறானோ அதுவே வந்து சேரும் என்பது அவர் கட்சி. அதாவது குணம். ஆலன் சொகுசுக்காரரும் அல்ல. லெஸ்டரில் பிறந்தவர், பிழைப்புத் தேடி அமெரிக்கா போன அப்பா அங்கே செத்துப்போக, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். சிறையில் இருக்கிற ஒருவனிடம் கப்பல் இல்லை, வக்கீல் சன்னது இல்லை, குடும்பம் பக்கத்தில் இல்லை. இன்னும் அரசாங்கம் பறிமுதல் செய்யாத ஒரே சொத்து மனம். ‘அகமே புறம்’ என்ற வாக்கியம் அங்கே ஒரு எதிர்ப்பு. என்னைச் செக்கில் பூட்டலாம், நான் யார் என்பதை நீ முடிவுசெய்ய முடியாது. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற ஒன்று அது. அதே வாக்கியத்தை ஏசி ஹாலில் மைக் பிடித்தவர் கீழே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. நான் ஓஎம்ஆரிலிருந்து எரியோட்டுக்குப் போனில் சொன்னதும் தீர்ப்புதான்.

இந்த நூல்களில் எனக்கு உடன்பாடில்லாத இடம் அப்படியேதான் இருக்கிறது. துன்பப்படுபவன் எங்கோ தவறாக எண்ணியிருக்கிறான் என்ற வரியைச் செக்கிழுத்தவர் மொழிபெயர்த்தார் என்பதற்காக என்னால் விழுங்க முடியாது.

நன்றிக்கு வருகிறேன். நன்றியைச் செல்வம் ஈர்க்கும் கருவியாக்கியது பைர்ன் அல்ல. வாலஸ் வாட்டில்ஸ் என்ற அமெரிக்கர் 1910இல் எழுதிய ‘தி சயன்ஸ் ஆஃப் கெட்டிங் ரிச்’ நூலில் நன்றிக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. ‘தி சீக்ரெட்’டுக்கு வித்து அந்த நூல். (வாட்டில்ஸ் சோசலிஸ்ட் கட்சிக்காரர். இந்தத் தகவலை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.) பிறகு உளவியலாளர்கள் வந்தார்கள். 2003இல் எம்மன்ஸும் மெக்கல்லோவும் செய்த ஆய்வில், நன்றிக்குரியவற்றை எழுதிவைத்தவர்கள் தொல்லைகளை எழுதிவைத்தவர்களைவிட வாழ்க்கை பற்றித் திருப்தியாக உணர்ந்தார்கள். நல்லது. ஆனால் உணர்ந்தவர்கள் அவர்கள். பிரபஞ்சம் எதையும் டெலிவரி செய்யவில்லை. கனவு காண்பதன் பலன் இன்னும் மோசம். வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்த ஜெர்மன் பட்டதாரிகளுக்குக் குறைவான வேலை அழைப்புகளும் குறைந்த சம்பளமுமே கிடைத்தன என்று கேப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வு காட்டியது.

நானும் எழுதினேன். 2020 ஊரடங்கில் ஆரம்பித்து, தினம் ராத்திரி மூன்று வரி. தூக்கம் கொஞ்சம் மேம்பட்டது, பொய் சொல்லமாட்டேன். இருநூறு நாள் ஆனதும் தொழில்புத்தி சும்மா இருக்காமல் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி எண்ணிப் பார்த்தேன். அறுநூறு வரிகளில் ‘காபி’ அறுபத்தொன்று தடவை. ‘வைஃபை’ பதினெட்டு. ஒரு மனிதரின் பெயரும் அவர் செய்த காரியமும் சேர்ந்து இருந்த வரிகள் ஒன்பது. ஒன்பதே ஒன்பது! மற்றதெல்லாம் எனக்கு வாய்த்தவற்றின் ஸ்டாக் லிஸ்ட்.

வள்ளுவர் பதினோராம் அதிகாரத்துக்கு வைத்த தலைப்பை அன்றைக்குத்தான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது உணர்ச்சி அல்ல, நன்மை. ஒருவர் செய்த நன்மை. அதை ‘உணர்தல்’ என்றுகூட இல்லை, ‘அறிதல்’. யார், எப்போது, என்ன செய்தார் என்று தெரிந்து வைத்திருப்பது. செய்தவர் இல்லாமல் செய்ந்நன்றி இல்லை. பிரபஞ்சத்துக்கு நன்றி சொல்வதில் பெரிய வசதி என்னவென்றால், பிரபஞ்சம் என்றைக்கும் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வராது, அவசரத்துக்குப் பத்தாயிரம் கைமாற்றுக் கேட்காது.

வ.உ.சி. சிறைக்குப் பின் வறுமையில் கிடந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்காகத் திரட்டி காந்தியிடம் கொடுத்த பணம் 347 ரூபாய் 12 அணா கைக்கு வர, 1915 முழுக்கக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி இதை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். வாட்ஸப்பில் சுற்றும் வசையை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். எனக்கு அதில் பிடித்தது, அவர் மரியாதை குறையாமல், ஆனால் விடாமல் கேட்டார் என்பது. ‘வந்துவிட்டது, நன்றி’ என்று கண்ணைமூடி உட்காரவில்லை. அவருடைய வக்கீல் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. எந்த ஆட்சி தன்னைச் செக்கில் கட்டியதோ அதே ஆட்சியின் நீதிபதி. வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நன்றிக்குறிப்பு எழுதிய டைரியை மூடிவைத்துவிடலாம். பிள்ளைக்கு வைத்த பெயரைத் தினமும் கூப்பிட்டாக வேண்டும்.

நான் விதியை மாற்றினேன். மூன்று வரி வேண்டாம், ஒரு பெயர், அவர் செய்தது. பல நாள் ஒன்றும் எழுத முடியாது. அப்படியே காலியாக விடுவேன். இரண்டாம் வாரத்தில் எழுதிய பெயர் பக்கத்துத் தோட்டத்து மாமாவுடையது. போர் காய்ந்த பிறகு இரண்டு கோடை அவர் கிணற்றிலிருந்து வேலிக்கு மேல் ஹோஸ் போட்டு எங்கள் மாடுகளுக்கும் முருங்கைக்கும் தண்ணீர் விட்டவர். என் அறுநூறு வரியில் அவர் ஒரு தடவைகூட இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். “மாமாவுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களாப்பா?”

“என்னத்தச் சொல்றது? அவர் மக கல்யாணத்துல மூணு நாள் பந்தி பாத்தேன்ல.”

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமாவின் மோட்டார் ஓடவில்லை என்று அப்பா என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு ஸ்டார்ட்டரும் தெரியும் என்பது அவர் நினைப்பு. திறந்து பார்த்தேன். காயில் கருகியிருந்தது, அது எனக்கே தெரிந்தது. எரியோட்டில் கடை பூட்டிவிட்டார்கள். காயிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன்.